ஒரு கோலுக்கு இரண்டு பிள்ளைகள்

தம்பி,

இதை ஒபின்னாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வாசிக்காதே. அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதுதான். ஆனால் பெனால்டி அடிக்க ஓடிவருகிறவனின் முகத்தைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் போகும் என்று கண்டுபிடிக்கிறவனுக்கு உன் முகம் எம்மாத்திரம்? சின்னம்மா வீட்டுப் பின்வளவுக்குப் போ, இல்லாவிட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள். நான் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ வாசித்த வேகம் எனக்குத் தெரியும். இப்போதே தொடங்கினால்தான் நாளைக் காலை மைதானத்துக்குப் போவதற்குள் முடிப்பாய். தொலைபேசியில் சொல்லலாமே என்று கேட்பாய். வாயால் சொல்லி நேற்று ஒரு முறை கெடுத்தாயிற்று, அதனால்தான் எழுதுகிறேன்.

காலையிலிருந்து நான் ஒரு இடத்தில் இருக்கவில்லை. வேலைக்கு லீவு சொன்னேன். அரிசியை ஊறப்போட்டேன், எதற்கு ஊறப்போட்டேன் என்று மறந்துபோனேன். குசினி இழுப்பறையைத் தரையில் கொட்டி அடுக்கத் தொடங்கி, பாதியில் எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போனேன். கார்த் தரிப்பிடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்காமலே திரும்பி வந்தேன். அப்பா பேப்பருக்கு மேலால் பார்த்தார். "என்ன வாங்கினனீர்?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "அப்ப காத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். கரண்டிகள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. இதை எழுதும்போதும் இரண்டு தடவை எழும்பி விட்டேன். எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நேற்றுப் பின்னேரம் நீ தொலைபேசி எடுத்தாய். சிட்னிக் கழகக்காரர்கள் உங்கள் இரண்டு பேரையும் நன்றாக நடத்துகிறார்கள் என்றாய். அவர்களுடைய கோல் கீப்பரின் கை முறிந்துபோனதால் சீசன் முடியும்வரை ஒரு ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்சில் உங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு பாதி நிறுத்திப் பார்த்துவிட்டு ஒருவனை எடுப்பார்கள் என்றாய். அதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாய்.

"அம்மா, நான் வெள்ளிக்கிழமை காலமை கோச்சிட்ட முதுகு பிடிச்சிட்டுது எண்டு சொல்லப்போறன். ஒபிக்கும் அப்பிடித்தான் சொல்லியிருக்கிறன். ஹீ நீட்ஸ் இட் மோர் தான் மீ."

"சரி ராசா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி இடியப்பத்துக்கு மாக் குழைத்தேன். அப்பாவே "என்ன, லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ?" என்று கேட்கிற அளவுக்குச் சந்தோஷமாக இருந்தேன். என் பிள்ளை எவ்வளவு பெரிய மனசுக்காரன் என்று நினைத்துத்தான் சந்தோஷப்படுகிறேன் என்று என்னையே நம்பவைத்தேன். இன்று காலை ஒபின்னா எடுத்தான். அவன் என்ன கேட்டான் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முதல் அவனைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்லவேண்டும். பாதி உனக்குத் தெரிந்த கதைதான். மீதியை அவன் குசினியில் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான்.

நீ அவனை முதன்முதலில் கூட்டிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? "அம்மா, ஜஸ்ட் டூ வீக்ஸ்" என்றாய். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மனிதன் நின்றான். உன்னுடைய கழகத்தின் புதுக் கோல் கீப்பர், நைஜீரியாவிலிருந்து வந்தவன், தங்க இடமில்லை. உள்ளே கூப்பிடுவதற்குள் அவனே குனிந்து, "அன்ரி, சுகமோ?" என்றான். நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டேன். அன்ரி என்று நீங்களெல்லாம் சொல்லிக்கொடுத்ததாக்கும் என்றுதான் நினைத்தேன். அவர்கள் ஊரிலும் வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். 'சுகமோ' மட்டும் யாழ்ப்பாணத்தில் பொறுக்கியது. அந்த இரண்டு கிழமை நாலு வருஷமாகி, கராஜை அவனுக்கு அறையாக மாற்றி, கட்டில் நீளம் காணாமல் கால்மாட்டில் ஒரு வாங்குப் பலகையையும் போட்டுக் கொடுத்தோம்.

அவன் என்னுகு நகரத்தில் ஐந்து அண்ணன் தம்பிகளில் கடைசி. கடைசிப் பிள்ளைக்குப் பந்து உதைக்க முறை வராது என்பதால் இரண்டு செருப்புக்கு நடுவில் நிற்கவிட்டார்கள், அங்கேயே நின்றுவிட்டேன் என்பான். பதினெட்டு வயதில் தேசிய இளையோர் அணியின் பயிற்சி முகாமுக்குப் போயிருக்கிறான். முகாமுக்கு எடுத்தது நாலு கோல் கீப்பர்கள், அணிக்கு வேண்டியது மூன்று பேர். அவன் நாலாவது. ஊர் முழுக்க வழியனுப்பிவிட்ட பையை அப்படியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திரும்பி வந்தானாம். அதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் சொல்லும்போது கையில் இருக்கிற கத்தியைக் கீழே வைத்துவிடுவான், கிழங்கு வெட்டுவதை நிறுத்திவிடுவான். அதை நான் கவனித்திருக்கிறேன்.

பிறகு அங்கே ஒரு கழகத்துக்கு விளையாடி, ஒரு தரகரை நம்பி, ஐரோப்பா என்று விமானம் ஏறினான். இறக்கியது கொழும்பில். விமானம் மாற்றத்தான் இறக்கியிருக்கிறார்கள் என்று நினைத்து, பையைத் தோளிலிருந்து இறக்காமல் வெகு நேரம் கதிரையில் இருந்தானாம். அப்பா இந்தக் கதையை வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அவனும் சேர்ந்து சிரிப்பான். கொழும்பில் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த உதைபந்தாட்டப் போட்டிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். கோலுக்குப் பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு நின்று, மட்ச் முழுக்க அவனுக்குப் புத்தி சொன்னதாம். அப்படித்தான் அவனுக்கு 'பொறு' என்ற சொல் வாய்த்தது. உங்கள் கழகத்தில் கிரேக்கப் பெடியனும் குரோஷியப் பெடியனும் பின்னால் நின்று விளையாடுகிறார்கள், கோலுக்குள்ளிருந்து இவன் "பொறு, பொறு!" என்று கத்துகிறான், அவர்களும் பொறுக்கிறார்கள். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அப்பாவுக்குக் கண் கலங்கிப்போயிற்று. வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

கொழும்புக்குப் பிறகு மலேசியா. அதைப் பற்றி அவன் உன்னிடம் அதிகம் சொல்லியிருக்கமாட்டான், அதற்கு நான் பிறகு வருகிறேன்.

உங்கள் தொழிலில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. மட்சுக்கு முன்னால் முதல் கீப்பருக்குப் பந்து அடித்து உடம்பைச் சூடாக்கிவிடுவது யார்? இரண்டாவது கீப்பர். நாங்கள் வேலை செய்கிற இடங்களில் என் இடத்துக்குக் காத்திருக்கிறவள் என்னைப் பார்த்து ஒழுங்காகச் சிரித்தாலே பெரிய காரியம். நீ மூன்று சீசன் அவனுக்கு அப்படிப் பந்து அடித்துக் கொடுத்தாய். வலப்பக்கம், இடப்பக்கம், மேலால், நிலத்தோடு. பிறகு போய் மாற்று ஆட்கள் இருக்கிற வாங்கில் இருந்தாய். பனியிலும் மழையிலும் இருந்தாய். அன்ரிமார் "பெடியன் விளையாடுறவரோ?" என்று கேட்டால், "எஞ்சினியர், நகரசபையில வேலை. பந்து சும்மா பொழுதுபோக்கு" என்று சொல்லிவிட்டுக் கதையை மாற்றுவேன்.

போன வருஷம் அவனுடைய முழங்கால் போயிற்று. அறுவைச் சிகிச்சை முடிந்து, தாங்குகட்டையோடு வந்தவனை நான்தான் பார்த்தேன். தாதியாக இருந்து பழகிய கை, சும்மா இருக்காது. ஐஸ் வைத்தேன், பயிற்சி செய்யவைத்தேன், செய்யாவிட்டால் ஏசினேன். அதே நேரம் நீ முதல் கீப்பராகி விளையாடிக்கொண்டிருந்தாய். அப்பா ஒருநாள் சொன்னார், "உமக்கு விளங்குதோ, மகன்ர இடத்தை எடுக்கிறவன்ர காலை நீர்தான் இருந்து ஒட்டுறீர்." விளங்காமல் என்ன? விளங்கித்தான் ஒட்டினேன். நல்ல மனசால் மட்டும் செய்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று காலையிலிருந்து அதிலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஐஸ் வைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம்தான் மலேசியாக் கதையைச் சொன்னான். அங்கே அவனோடு அறையில் இருந்தவன் ஒரு கானாக்காரன், அவனும் கீப்பர். ஒரு பெரிய கழகத்து ஆட்கள் மட்ச் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவன் தோள் நோகிறது என்று சொல்லி விலகிக்கொண்டான். ஒபின்னா நின்றான், நன்றாக நின்றான், அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தோளில் ஒரு நோவும் இல்லை, தனக்காகத்தான் பொய் சொன்னான் என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்ததாம். அதற்குள் அந்தக் கானாக்காரனுக்கு வேறு கழகம் எதுவும் கிடைக்கவில்லை. எங்கே போனாலும் முதலில் தோளைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒரு கீப்பருக்குத் தோள் சரியில்லை என்ற கதை ஒருமுறை பரவினால் பிறகு அது போகாதாம். இப்போது அவன் அங்கேயே லொறி ஓட்டுகிறான்.

"கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் எடுப்பான், அன்ரி" என்றான் ஒபின்னா. "நல்ல வாழ்த்துச் சொல்லுவான். நானும் சொல்லுவேன். பிறகு என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்காத ஒன்றைத் தந்துவிட்டான். திருப்பிக் கொடுக்கவும் முடியாது."

உனக்கு இதைச் சொல்லியிருக்கிறானா என்று கேட்டேன். "தம்பிக்கு ஏன் இதெல்லாம்" என்றான். உன்னை அவன் தம்பி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கோச் அதுதான் உன் பெயர் என்று நினைத்து அணிப் பட்டியலில் போட்டதை நினைத்து இரண்டு பேரும் சிரித்தோம். அதோடு கதை முடிந்துபோயிற்று. நேற்று நீ எடுத்தபோது இந்தக் கானாக்காரனின் ஞாபகம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் சரி.

இனி இன்று காலை நடந்ததைக் கேள். குரலில் அவசரம் இருந்தது. "அன்ரி, தம்பிக்கு முதுகு. ஐஸோ, சூடோ?"

எந்த இடத்தில் என்று கேட்டேன், கேட்காமல் இருந்தால் சந்தேகப்படுவானே. கீழ் முதுகு, இடப்பக்கம் என்றான். சின்னம்மாவிடம் நோத்தைலம் வாங்கி ஒருமுறை பூசிவிட்டானாம், நீ குப்புறப் படுத்திருக்கிறாயாம். "நாளைக்கு இவன் நிற்கமுடியாவிட்டால் நான் கோச்சிடம் போய், மட்சை இரண்டு நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன். இவன் இல்லாமல் என்னை எடுத்தால் அது சரியில்லை" என்றான். பிறகு மறுபடியும், "ஐஸோ, சூடோ, அன்ரி?"

"சூடு" என்றேன். "சுடுதண்ணிப் போத்தல் வை."

"ஓம் அன்ரி" என்று தொலைபேசியை வைத்துவிட்டான்.

இத்தனை வருஷம் தாதியாக இருந்து, நோவில்லாத முதுகுக்கு வைத்தியம் சொன்னது இதுதான் முதல் தடவை. உன் பொய்யில் எனக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்துதான் நான் இருப்புக்கொள்ளாமல் திரிகிறேன். இப்போது உன் நல்ல முதுகில் அவன் சுடுதண்ணிப் போத்தலை வைத்துப் பிடித்துக்கொண்டு இருப்பான். உனக்கு அது சுடவேண்டும் தம்பி. எனக்கு இங்கே சுடுகிறது.

நேற்று ஏன் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒபின்னாவுக்கு இடம் கிடைக்கும் என்பதற்காக இல்லை. நீ திங்கட்கிழமை நகரசபை வேலைக்குத் திரும்பிவிடுவாய் என்பதற்காக. பிறிஸ்பேனில் இருந்து உன்னைச் சம்பந்தம் கேட்கிற அந்தப் பெண் பகுதிக்கு, பெடியன் என்ன செய்கிறார் என்று கேட்டால், இழுக்காமல் ஒரே சொல்லில் பதில் சொல்லலாம் என்பதற்காக. முப்பத்து நாலு வயதிலும் டயர்க் கிடங்கில் பகல் வேலை செய்துவிட்டு, பின்னேரம் பனியில் விழுந்து விழுந்து எழும்புகிற ஒருவனை நாலு வருஷமாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் மேல் எனக்கு உயிர். ஆனால் என் பிள்ளை அவனாகக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் நினைத்திருக்கிறேன். அவனில் எனக்கிருக்கிற பாசத்தைச் சாட்டாக வைத்து உன்னை விலக்கப் பார்த்தேன். இது உனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். முதுகு நோகிறது என்று பொய் சொல்லப்போகிறவன் எதற்கு முதலில் அம்மாவுக்கு எடுக்கிறான்? நான் மறிப்பேனா என்று பார்க்கத்தானே எடுத்தாய்? நான் மறிக்கவில்லை.

போன சனிக்கிழமை சின்னம்மா உங்கள் இரண்டு பேரையும் மேய்ஸ் ஹில் கோயிலுக்குக் கூட்டிப்போனாளே, அதற்கும் நான்தான் ஏற்பாடு. இரண்டு பேருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னேன். ஐயர் ஒபின்னாவிடம் நட்சத்திரம் கேட்பார் என்று முதல்நாளே யோசனை வந்து, அவனுடைய தாய்க்கு வீடியோவில் எடுத்தேன். அவ நட்சத்திரம் என்றால் என்னவென்று விளங்காமல் முழித்தா. அவர்களுக்கு நாலு நாள்தான் ஒரு கிழமை, ஒவ்வொரு நாளும் ஒரு சந்தையின் பெயர். இவன் அஃபோச் சந்தை நாளில் பிறந்தவன் என்றா. அதையே சொல்லு என்று சின்னம்மாவிடம் சொன்னேன். ஐயரும் கண்ணை மூடிக்கொண்டு அஃபோ நட்சத்திரம் என்று சொல்லியே அர்ச்சனை செய்தாராம். அந்தத் தாய் தொலைபேசியை வைக்கும்போது கேட்டா, "உன் மகனும் என் மகனும் ஒரே கோலுக்கா? அப்போது நீயும் நானும் யாருக்குக் கும்பிடுவது?" ஒரு மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறினவரிடம்தான் விட்டிருக்கிறேன், அவருக்கு அந்த நோவு தெரியும் என்று சொல்ல நினைத்தேன். என் ஆங்கிலம் அந்தளவு தூரம் போகாது. இரண்டு பேருக்கும் என்று மட்டும் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. உன் பெயரைச் சொல்லி நான் கேட்டது நீ வீட்டுக்கு வரவேண்டும் என்பதை.

நீ எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. போன சீசன் கடைசி மட்ச் முடிந்து வந்த அன்று, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் நடந்தாய். சட்டியிலிருந்தே கறியை எடுத்துத் தின்றாய். கடைசி நிமிஷத்தில் நீ தட்டிவிட்ட அந்த ஒரு பந்தைப் பற்றி எனக்குச் சொன்னாய், அப்பாவுக்குச் சொன்னாய், அப்பா எழும்பிப் போன பிறகு மறுபடி எனக்கே சொன்னாய். நிலமெல்லாம் சேறு. நான் ஏசவில்லை. இருப்புக்கொள்ளாமல் நடக்கிற நடை உனக்கு என்னிடமிருந்து வந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது, ஏனென்றால் நகரசபை வேலை கிடைத்த அன்று நீ அப்படி நடக்கவில்லை. அன்றைக்கு ஒபின்னா தாங்குகட்டையோடு வாசலில் சாய்ந்து நின்று நீ சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அடுத்த முறை தட்டாதே, பிடி" என்றான். நீ அதற்கும் சிரித்தாய்.

இனி நான் சொல்வதைக் கேள். இப்போதே வெளியில் வந்து அவனிடம், முதுகு நோகவில்லை, நேற்றும் நோகவில்லை என்று சொல்லு. கோபப்படுவான். அவன் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் இதற்குப் படுவான், படட்டும். அன்ரிக்கும் தெரியும் என்று சொல்லு. என்னோடும் கோபிக்கட்டும், நான் அவனோடு பிறகு கதைத்துக்கொள்கிறேன். நாளைக் காலையில் கோபத்தோடேயே அவன் உனக்குப் பந்து அடிப்பான், நீ அவனுக்கு அடி. பிறகு ஆளுக்கொரு பாதி நில்லுங்கள். யாரை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. உன்னை எடுத்தால் பிறிஸ்பேன்காரருக்கு, பெடியன் கோல் கீப்பர் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பேன். கஷ்டமாகத்தான் இருக்கும், பழகிக்கொள்வேன்.

அவனை எடுத்தால், உன்னை வென்றுதான் எடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டும். பதினெட்டு வயதில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவன் தேடித் திரிவது அதைத்தான். அதை அவனுக்குக் கொடுக்கக்கூடியவன் இப்போது சிட்னியில் நீ ஒருத்தன்தான், படுத்துக் கிடந்தால் உன்னாலும் முடியாது. அவன் தோற்றால் என்ன செய்வது என்றுதானே உனக்குப் பயம்? அவன் தோற்று வந்தால் பார்க்க இங்கே நான் இருக்கிறேன். அது என்னுடைய வேலை. உன்னுடைய வேலை கோலுக்குள் நிற்பது.

அம்மா